அக்காவுக்குச் சொன்ன கனடாக் கதை

கனடாக்காரர்கள் எழுதுகிற பொலிஸ் நாவல்களை நான் படிக்கத் தொடங்கியது இலக்கிய ரசனையால் இல்லை. அக்காவின் மகன் கனடாவுக்குப் போனான், அவ்வளவுதான். அவன் போய் இறங்கிய ஊரில் என்ன சாப்பிடுவார்கள், பனி என்றால் எவ்வளவு பனி, ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். பதுளை பஸாரில் போட்டோகொப்பி எடுத்து, போனுக்கு ரீலோட் போட்டு, பழைய புத்தகமும் விற்கிற ஒரு முஸ்லிம் நானாவின் கடை இருக்கிறது. "கனடாவப் பத்தி ஏதாவது இருக்கா நானா?" என்று அவரிடம் கேட்டேன். மூலையில் கயிறு கட்டிப் போட்டிருந்த தடித்த புத்தகங்களை அவிழ்த்துத் தூசி தட்டினார். "இதெல்லாம் அந்த ஊரு ஆள் எழுதினதுதான் டீச்சர். அட்டையில பனி இருக்கு, பாருங்க" என்றார். பனி இருந்தது. பனிக்கு நடுவில் ஒரு துவக்கும் இருந்தது.

ஏழு புத்தகங்கள். ஏழிலும் ஒரே ஆள்தான் வருகிறான். காக்கிச் சட்டை போடாத பொலிஸ்காரன். போதைப்பொருள் கடத்துகிற கூட்டத்துக்குள் வேறு பெயரில் லொறி டிரைவராக நுழைந்து, அவர்களோடு தின்று குடித்து, அவர்கள் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு பலூன் ஊதி, கடைசியில் அத்தனை பேரையும் காட்டிக்கொடுக்க வேண்டும். துரத்தலும் சுடுதலும் இருக்கும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். கிடைத்தது குடும்பச் சண்டை. பாதிப் பக்கத்தில் அவன் திருடனைத் தேடுகிறான். மீதிப் பாதியில் பெண்சாதி முகம் கொடுத்துப் பேசுவதில்லை, மகள் பள்ளிக்கூடம் போவதில்லை, அப்பன்காரன் குடித்துவிட்டுப் படிக்கட்டில் கிடக்கிறான், கூடப் பிறந்த அண்ணனோடு பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. இவ்வளவு பெரிய வீடு, ஆளுக்கொரு அறை, அறைக்கொரு கதவு, அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு மாதக்கணக்கில் ஊமையாக உட்கார்ந்திருக்கிறார்களே! எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அது நடக்குமா? வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகள்; ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. இங்கே ஒருத்தி பெருமூச்சு விட்டால் நாலு காம்பரா தள்ளி "என்னக்கா ஆச்சு?" என்று குரல் வரும். ரகசிய பொலிஸ் என்ன, ரகசியமாக ஒரு முட்டை பொரிக்கக்கூட முடியாது.

அந்த லயத்தில்தான் அக்கா இன்னும் இருக்கிறாள், அப்புத்தளைக்குக் கொஞ்சம் கீழே. நான் பதுளையில் வாடகை வீட்டில். சின்ன வயதிலேயே அக்கா பெயர் பதிந்து மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனதால்தான் நான் பள்ளிக்கூடம் போனேன், இங்கிலீஷ் டீச்சர் ஆனேன், ஓய்வும் பெற்றேன். இதை அவள் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு பாரமாக இருந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து, சந்தியில் இறங்கி, இந்த முழங்காலை இழுத்துக்கொண்டு தேயிலைக்கு நடுவே நடந்து போவேன். மழைக்காலத்தில் மண் சரியும் என்று எச்சரிக்கை வரும். அப்போதும் போவேன்.

அக்காவுக்கு ஒரே மகன். எனக்குப் பிள்ளை இல்லை, ஆகவே எனக்கும் அவன்தான். நான்தான் அவனுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். அந்த இங்கிலீஷை வைத்துத்தான் ஏஜென்சி மூலம் கனடாவில் கோழி வெட்டுகிற தொழிற்சாலைக்குப் போனான். ஒவ்வொரு ஞாயிறும் பேசுவான். கை விறைக்குது, முதுகு வலிக்குது, சோறு நல்லாயில்ல என்பான். எல்லாரும் சொல்வதுதான்.

பிறகு அவன் அப்பா இறந்தார். பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பைக் கொண்டுவந்து வாசல் இஸ்தோப்பில் கிடத்தியிருக்கிறது. வெளியே கொட்டுகிற மழை. மகன் போனில் வந்தான். வர முடியாது, விசா பேப்பரில் சிக்கல், வந்தால் திரும்பிப் போக விடமாட்டார்கள் என்றான். அக்கா, லயமே பார்த்துக்கொண்டிருக்க, போனை வாயருகே பிடித்துக் கத்தினாள்:

"பெத்த அப்பன் மூஞ்சியப் பாக்க வராதவன் எனக்கு எதுக்குடா? எனக்கு மகனே இல்ல! இனிமே இந்தப் போனுக்கு எடுக்காத!"

அதற்குப் பிறகும் அவன் இரண்டு தடவை அக்காவுக்குப் போன் எடுத்தான். அக்கா வெட்டிவிட்டாள். மூன்றாம் தடவை அவன் எடுக்கவில்லை.

அக்காவின் கோபம் சுள்ளி நெருப்பு. பற்றினால் பற்றும், அணைந்தால் சாம்பல்கூடச் சூடு இருக்காது. கருமாதி முடிந்த கையோடு அவளே அவனுக்கு எடுத்தாள். அந்த நம்பர் வேலை செய்யவில்லை. மறுநாளும் இல்லை. அன்றிலிருந்து அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு காரியம்தான் பாக்கி. "அந்த ஒரு வார்த்தையத் திருப்பி எடுத்துக்கணும் பாப்பா. ஒருக்கா பேசுனாப் போதும். நான் அவன ஒன்னும் கேக்க மாட்டேன். அந்த வார்த்தைய மட்டும் எடுத்துக்கணும்." ஐம்பது வயது தாண்டிய என்னை அவள் இன்னமும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறாள்.

எனக்கு மட்டும் அவனிடமிருந்து ஒரு மெசேஜ் வந்திருந்தது. "சின்னம்மா, கோழிக் கம்பனிய விட்டுட்டேன். கையில ஒழுங்கான பேப்பர் இல்ல. எடம் மாறி மாறி இருக்கேன். அம்மாகிட்டச் சொல்லிடாதீங்க." நான் பதில் போட்டபோது அந்த நம்பரும் செத்துப்போயிருந்தது. அக்காவிடம் சொல்லவில்லை. பேப்பர் இல்லை என்றால் அக்கா ஜெயில், சாவு என்று நினைப்பாள். அவன் கேட்டுக்கொண்டதால்தான் மறைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் அழுவதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. வேறு ஒன்றும் இல்லை.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போனது. ஒரு ஞாயிறு நான் போனபோது, அக்கா மூன்று நாளாகப் பெரட்டுக்கே போகவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடியே கிடக்கிறாள் என்று பக்கத்துக் காம்பராக்காரி சொன்னாள். காலையில் பேர் கொடுக்கிற இடத்தில் அக்கா இல்லாமல் இருந்ததே கிடையாது. காய்ச்சலோடும் போய் நின்றவள். உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன சொல்லித் தேற்றுவது? சொல்லவேண்டியதெல்லாம் சொல்லித் தீர்ந்துவிட்டது. பையில் கனடா நாவல் ஒன்று கிடந்தது. வகுப்பில் பிள்ளைகள் சோர்ந்து கிடந்தால் கதை சொல்லி எழுப்புகிற பழக்கம் எனக்கு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கதையை எடுத்துவிட்டேன்.

லொறி டிரைவர் வேஷம் போட்ட பொலிஸ்காரனைச் சொன்னேன். அவன் வீட்டைச் சொன்னேன். அக்கா சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். கொஞ்ச நேரத்தில் இந்தப் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அவன் பெண்டாட்டி புள்ளைக்குப் போன் பேச மாட்டானா?"

"பேசக்கூடாது. பேசுனா மாட்டிக்குவான்."

"எவ்வளவு நாளைக்கு?"

"வருசக் கணக்குல."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். தலைமுடியை அள்ளி முடிந்தாள். என் முகத்தையே பார்த்தாள்.

"பாப்பா, நம்ம பயலும் அங்க அப்படி ஏதும் வேலையில இருப்பானோ?"

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நொடி. மூன்று நாளாகப் பட்டினி கிடந்த முகம் அது. "இருக்கலாம். யாரு கண்டா?" என்றேன்.

மறுநாள் அக்கா பெரட்டுக்குப் போனாள்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் கதைதான். அக்காவுக்கு மட்டும் சொல்வதென்பது லயத்தில் ஆகிற காரியமா? நாலைந்து பெண்கள் கீரை ஆய்ந்துகொண்டே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கேள்வியால் என்னைக் குடைந்து எடுப்பார்கள். "அந்தப் பொம்பள ஏன் டீச்சர் அடுத்த வீட்டுல போய் ஒரு வார்த்த சொல்லி அழல?" அடுத்த வீடு அரை மைல் தூரம், நடுவில் இடுப்பளவு பனி என்பேன். "அடக் கடவுளே, அது என்ன ஊரு!" என்று கன்னத்தில் கை வைப்பார்கள். நானும் சும்மா இல்லை. அங்கே சூப் குடித்தால் இங்கே ரொட்டியும் சம்பலும் ஆக்கினேன். அந்த அப்பனின் குடியை மட்டும் மாற்றவில்லை. அது எங்களுக்கு விளக்கம் தேவைப்படாத விஷயம்.

நாலாம் புத்தகத்தில் ஒரு கட்டம் வரும். பொலிஸ்காரன் கிளம்பும்போது பெண்சாதியிடம் சொல்லிவிட்டுப் போகிறான்: யார் போனில் என் பெயரைச் சொல்லிக் கேட்டாலும், கேட்பது என் குரலாகவே இருந்தாலும், அப்படி யாரையும் எனக்குத் தெரியாது என்று சொல்லு. என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு அந்தக் கூட்டமே பேசச் சொல்லலாம். ஒரு நாள் அப்படியே போன் வருகிறது. பாவம் அந்தப் பெண், ஏக்கம் தாங்காமல் அவன் பெயரைச் சொல்லிவிடுகிறாள். அந்தப் பக்கம் கூட்டமே கேட்டுக்கொண்டு நிற்கிறது. அவனைக் குற்றுயிராக்கிப் பனியில் எறிந்துவிட்டுப் போகிறார்கள். இந்தக் கட்டத்தை நான் குரலை ஏற்றி இறக்கி, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். கீரை ஆய்ந்த கைகள் அப்படியே நின்றன. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நன்றாகச் சொன்னேன். சனியன், அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஏழாம் புத்தகத்தின் முடிவில் அவன் வேலையை முடித்து வீட்டுக்கு வருகிறான். மகள் கதவைத் திறந்து பார்த்து, சங்கிலியைக் கழற்றாமலே மூடிவிடுகிறாள். அவன் காருக்குள் போய் உட்காருகிறான். கதை முடிந்தது. இதைப் படித்து அந்த எழுத்தாளர் மேல் எனக்கு வந்த கோபம்! இதற்காகவா ஏழு புத்தகம் எழுதினீர்? அக்காவிடம் வேறு மாதிரிச் சொன்னேன். மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள், பெண்சாதி சோறு போட்டாள், அவன் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான் என்றேன். அக்கா அன்றைக்குத்தான் பல மாதத்துக்குப் பிறகு சிரித்தாள்.

இதை நானாவிடம் ஒரு நாள் வாய்தவறிச் சொன்னேன். அவர் ரீலோட் அட்டைகளை அடுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "டீச்சர், புத்தகத்த வித்தது நான்தான். அத மருந்தாக் குடுங்கன்னு நான் சொல்லலியே" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். உங்கள் வேலையைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, மிச்சக் காசைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன். சரியாகச் சொன்னவர்கள் மேல்தான் எனக்கு எப்போதும் கோபம் வரும்.

லயமே அந்த ரகசியத்தைக் காக்கத் தொடங்கியது. அக்கா மகன் கனடாவில் ரகசிய பொலிஸ். அவன் பெயரை யாரும் எடுக்கக்கூடாது. போனில் அறவே கூடாது. நான் முதலில் சிரித்தேன். பிறகு வாக்காளர் பட்டியலுக்காக கிராம சேவகர் வந்து, பட்டியலைப் பார்த்து அவன் பெயரை வாசித்தார். எட்டுக் காம்பராவும் ஒரே வாயாக, "அப்படி யாரும் இங்க இல்லைங்க சேர்" என்றது. அவர் என்ன செய்வார், பெயரை வெட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பதில் எங்களுக்குப் புதிதில்லை. கலவர காலங்களில் ஆமியும் பொலிஸும் லொறியில் வந்து, பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு, லயத்து வாலிபர்களைத் தேடுவார்கள். அடுப்புக்குப் பின்னால், தேயிலைச் செடிக்குள், கூரை முகட்டில் என்று எங்கேயாவது மகன் ஒளிந்திருப்பான். வாசலில் நிற்கிற தாய் கண் இமைக்காமல் சொல்வாள்: அப்படி யாரும் இங்கே இல்லைங்க. சொன்னவள் பிள்ளை பிழைத்தான். பயத்தில் உளறியவள் பிள்ளை லொறியில் ஏறினான். சின்னப் பிள்ளையாக அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நானும் இதைப் பார்த்திருக்கிறேன். பெற்ற பிள்ளையை இல்லை என்று சொல்லத் தெரிந்த தாய்தான் எங்களில் கெட்டிக்காரி. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் போன் கதையை நான் சொன்னேனே, அதற்குத்தான் என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும்.

போன மழைக்குப் பிறகு ஒரு ஞாயிறு போனேன். அக்கா சந்தி வரைக்கும் எதிரே வந்து நின்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். என் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். காம்பராவுக்குள் போனதும் கதவைச் சாத்தினாள். எங்கள் லயத்தில் பகலில் யாரும் கதவு சாத்துவதில்லை. பால்மா போட்ட தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு, காதருகே குனிந்தாள்.

"பேசுனான்."

தேத்தண்ணி என் சேலையில் கொட்டியது. "யாரு? அவனா? எப்ப?"

"புதன்கெழம. மலையில நிக்கிறேன், போன் அடிக்குது. வெளிநாட்டு நம்பரு. 'அம்மா, நான்தாம்மா'ங்கிறான். அவன் கொரலேதான் பாப்பா. எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு."

"நீ என்ன சொன்னே?"

அக்கா நிமிர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பிள்ளை வீட்டுக்கு வந்து நிற்குமே, அப்படி நின்றாள்.

"நான் என்ன மடச்சியா? வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். 'நீங்க யாருங்க? எனக்கு அப்படி மகன் யாரும் இல்லைங்க, தப்பான நம்பருங்க'ன்னு வச்சிட்டேன். மறுபடி அடிச்சான். 'அம்மா, என்னை மன்னிக்க மாட்டியா'ன்னான். நான் அசையல. 'இனிமே இந்த நம்பருக்கு எடுக்காதீங்க'ன்னு சொல்லிட்டேன்." குரலைத் தாழ்த்தினாள். "அழுதான் பாப்பா. எப்படி அழுதான் தெரியுமா? பக்கத்துல நிக்கிறவனுங்க நம்பணும்ல. என்னமா நடிக்கிறான் எம்புள்ள!"

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. அக்கா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். "என்னத்த இப்படி முழிக்கிற? நான் காட்டிக்குடுக்கல பாப்பா. அந்தப் பொம்பள மாதிரி நான் காட்டிக்குடுக்கல."

ஒரு நிமிடம், இதையும் மூடிவிடலாமா என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். நல்ல காரியம் செய்தாய் அக்கா என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கலாம். அவ்வளவு அலுத்துப்போயிருந்தது எனக்கு. ஆனால் அவன் அங்கே ஏதோ ஒரு தெருவில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது கண்ணுக்குள் வந்துவிட்டது. அம்மா அன்றைக்குச் சொன்னதை மெய்யாகவே சொன்னாள் என்று நினைத்துக்கொண்டு நிற்கிறான்.

"அக்கா, அவன் பொலிஸ் இல்ல" என்றேன்.

"மெதுவாப் பேசு."

"அவன் பொலிஸே இல்ல அக்கா. அது நான் சொன்ன பொய். அவனுக்கு வேலை போயிருச்சு, பேப்பரும் இல்ல. உன்கிட்டச் சொல்ல வேண்டாம்னு எனக்கு எழுதியிருந்தான். நீ எந்திரிச்சு ஒரு வாய் சோறு தின்னணும்னுதான் நான்... அவன் நடிக்கல அக்கா. மெய்யாத்தான் அழுதிருக்கான்."

அக்காவுக்கு உடனே புரியவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புரிந்தது. அது புரிகிறதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அப்படி ஒரு நேரம் யாருக்கும் வரக்கூடாது. அவள் கை ஓங்கியது. அடித்திருந்தால் நன்றாயிருக்கும். ஓங்கிய கையால் தன் வாயிலேயே அறைந்துகொண்டாள். ஒரு தடவை, இரண்டு தடவை. மூன்றாவதற்கு நான் பாய்ந்து பிடித்தேன்.

"எடுத்துக்கணும்னு காத்துக்கிட்டிருந்தேனேடி... ரெண்டாந்தரமும் சொல்லிட்டேனே... நீ படிச்சவடி! உன்னப் படிக்க வச்சது இதுக்கா?"

அக்கா என்னிடம் அதைச் சொல்லிக்காட்டியது அன்றைக்கு ஒரு நாள்தான். பக்கத்துக் காம்பராக்களில் ஒரு சத்தமும் இல்லை. எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் "என்னக்கா?" என்று கேட்கவில்லை.

அக்காதான் முதலில் எழுந்து மூக்கைச் சிந்திவிட்டு, இடுப்புப் பையிலிருந்து போனை எடுத்தாள். "அந்த நம்பர் இதுலதான் இருக்கு. நம்பர அழிச்சிரணும்னு கதையில சொன்னியே, எனக்கு அழிக்கத் தெரியல. யாரையாவது கேட்டு அழிக்கலாம்னு வச்சிருந்தேன். எடு."

எடுத்தேன். ரொம்ப நேரம் அடித்தது. இங்கே பகல் என்றால் அங்கே ஊர் உறங்குகிற நேரம். பிறகு ஒரு வயதான வெள்ளைக்காரரின் குரல் வந்தது. பதிவு செய்த குரல். இப்போது பேச முடியவில்லை, சத்தம் கேட்ட பிறகு சொல்லவேண்டியதைச் சொல்லுங்கள் என்றது. நான் வெட்டிவிட்டு அக்காவுக்கு விளக்கினேன். அவன் யாரோ ஒருவருடைய போனை இரவல் வாங்கிப் பேசியிருக்கிறான் போல. நாம் பேசினால் அந்த மெஷின் பிடித்து வைத்துக்கொள்ளும். போன்காரர் கேட்டால் அவனிடம் சொன்னாலும் சொல்லலாம்.

"அந்தப் பெரியவருக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியாது அக்கா."

"அப்ப நீ இங்கிலீசுல சொல்லு. நான் சொல்றத அப்படியே சொல்லு. உன் கதைய அதுல சேக்காத."

மறுபடி எடுத்தேன். அக்கா நேராக நின்று, ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள். நான் இங்கிலீஷில் சொன்னேன்.

"ஐயா, கும்பிடுறேங்க. உங்க போன்ல ஒரு பையன் அம்மான்னு கூப்புட்டான். போன எடுத்தது அவன் அம்மாதாங்க. தப்பான நம்பர் இல்லைங்க. அவனுக்கு ஆபத்துன்னு பயந்துபோய்ப் பொய் சொல்லிட்டேங்க. மொதல்ல சொன்னது கோவத்துல. ரெண்டாவது சொன்னது பயத்துல. ரெண்டும் மெய்யில்லைங்க. அவன் எம்மகன்தாங்க."

வாழ்நாளெல்லாம் அந்த மொழியைச் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்தக் கடைசி வாக்கியத்தில் எழுவாய் எங்கே, பயனிலை எங்கே என்று தெரியாமல் நாக்குக் குழறியது. திருத்தவில்லை. மெஷின் சத்தம் போட்டு நின்றுவிட்டது.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் பேசுகிறோம். ஒவ்வொரு தடவையும் அக்கா புதிதாக ஏதாவது சேர்ப்பாள். அப்பா சாகும்போது உன்னைத்தான் கேட்டார் என்று அவனிடம் சொல்லச் சொல்லுங்கள். வேலை போனால் போகட்டும், வந்துவிடச் சொல்லுங்கள். பேப்பர் இல்லாவிட்டால் என்ன, பெற்றவளிடம் வர என்ன பேப்பர். சில நாள் பெரட்டுக்குப் போகும் முன்னே என்னைப் போனில் எழுப்பி, இப்போது எடுத்துப் பார் என்பாள். எடுப்பேன். அதே பெரியவரின் குரல்தான். யாரும் திருப்பி எடுக்கவில்லை. கனடா நாவல்கள் ஏழையும் நானாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவர் வாங்கி, பழையபடி கயிறு கட்டி மூலையில் வைத்தார்.

போன ஞாயிறு எடுத்தபோது பெரியவரின் குரல் வரவில்லை. வேறு ஒரு பெண்ணின் குரல், கம்பனிக் குரல். இந்தக் குரல் பெட்டி நிரம்பிவிட்டது, இனி எதையும் ஏற்காது என்றது. போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா என்னவென்று கேட்டாள். எட்டுக் காம்பராவும் கேட்டுக்கொண்டிருந்தது.

"நெறஞ்சுபோச்சாம் அக்கா. இனிமே நம்ம பேசுறத எடுக்காதாம்."

அக்கா போனை என் மடியிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"நம்ம பேசுனதாலதானே நெறஞ்சிருக்கு? அப்ப அவ்வளவும் அங்க இருக்குல்ல?"

"ஆமாக்கா, அங்கதான் இருக்கு" என்றேன். அது பொய்யில்லை.